கடலரிப்புக்குக் கல் கொட்டலாமா, அலையாத்தி நடலாமா?

கேள்வி நல்லதுதான், ஆனால் முதலில் எந்தக் கரை என்று பார்க்க வேண்டும். சென்னைத் துறைமுகம் வந்ததும் தெற்கிலிருந்து வந்த மணல் தடுக்கப்பட்டது. மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது. கல் கொட்டினாலும் இதே கதைதான்: அரிப்பு பக்கத்து ஊருக்கு நகரும்.

சரி, அலையாத்தி? அது சேறும் அலையடங்கிய உப்பங்கழியும் உள்ள இடத்து மரம். பிச்சாவரத்தில் வெண்கண்டல் என்ற அலையாத்தி வகையின் இலையை நக்கிப் பாருங்கள், உப்புக் கரிக்கும்; உறிஞ்சிய உப்பை இலை வழியே தள்ளுகிறது. ஆனால் அந்த மரம் தாங்கும் உப்புக்கும் அளவு உண்டு. அங்கே பழைய காலத்தில் மொத்தமாக வெட்டிய இடங்கள் பள்ளமாகி, தேங்கிய நீர் வெயிலில் வற்றி, உப்பு ஏறி, எதுவும் முளைக்காமல் கிடந்தன. மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் (கடல் ஏற்றத்தில் வரும் நீர்) ஏறி இறங்க வழி செய்த பிறகே நட்டவை பிழைத்தன. கன்றைவிட வாய்க்கால்தான் முக்கியம் என்பேன். தூர்ந்தால் மறுபடி வெட்டவும் வேண்டும்.

அலையடிக்கும் மணல் கரையில் அலையாத்தி நிற்காது. அங்கே அடம்புக்கொடியும் ராவணன் மீசை என்ற புல்லும்தான் மணலைப் பிடித்து மேடாக்கும். அந்த மேட்டை வழித்துவிட்டு ரிசார்ட் கட்டிய பிறகு என்ன நட்டாலும் சிரமம்.