தங்கச்சிக்கு ஒரு வருடப் படிப்பு போதுமா?

அக்கா, வணக்கம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். தங்கச்சி, மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டாள். மலாய், கணிதம், அறிவியல் உட்பட 6 பாடங்களில் கிரெடிட். போன மாதம் எங்கள் கோவில் மண்டபத்துக்கு வந்த கல்லூரிக்காரர், ஒரே வருடத்தில் நர்ஸ் ஆகிவிடலாம், டிப்ளோமாவுக்கு 3 வருடம் எதற்கு என்றார். அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா மகனும் அங்கே எல்.பி.என். என்ற நர்ஸ் படிப்பு ஒரு வருடம்தான் என்கிறார். அப்பாவுக்குத் தோட்ட வேலை நின்றுவிட்டது. சீக்கிரம் முடிகிற படிப்பே நல்லது என்பது அவர் எண்ணம். என்ன செய்யலாம்?

அன்புள்ள தம்பி,

உங்கள் பெரியப்பா மகன் சொன்னது அவர் இருக்கும் நாட்டுக்குச் சரி. அங்கே எல்.பி.என். என்பவரும் உரிமம் பெற்ற தாதிதான். சுமார் ஒரு வருடம் படித்து, என்கிளெக்ஸ்-பி.என். என்ற உரிமத் தேர்வு எழுதி, மாநிலத் தாதியர் வாரியத்திடம் உரிமம் வாங்குகிறார். ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற தாதி, ஆவதற்கு 2 வருட அசோசியேட் பட்டமோ 4 வருட இளங்கலையோ முடித்து, என்கிளெக்ஸ்-ஆர்.என். எழுத வேண்டும். எல்.பி.என். ஆக வேலை பார்த்தவர்கள் ஆர்.என். ஆவதற்கென்றே இணைப்புப் படிப்புகளும் உண்டு.

மண்டபத்தில் உங்களுக்குச் சொல்லப்பட்ட ஒரு வருடம் இதுவல்ல. இங்கே தனியார் கல்லூரிகள் நடத்தும் அப்படிப்பட்ட படிப்புகள் பெரும்பாலும் பராமரிப்பு உதவியாளர் சான்றிதழ்கள்தான். நோயாளியைக் குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது, இரத்த அழுத்தம் பார்ப்பது எல்லாம் அதில் வரும். அருமையான வேலை. என் அம்மாவின் கடைசி எட்டு மாதம் அப்படி ஒரு பெண்ணின் கையில்தான் கழிந்தது, அவளை நான் மறக்கவே மாட்டேன். ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஸ்டாஃப் நர்ஸ் ஆக முடியாது. 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்படி மலேசியத் தாதியர் வாரியத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும், ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்கவும் வேண்டும். அந்தப் பதிவுக்கு வழக்கமான வழி, வாரியம் ஒப்புக்கொண்ட 3 வருட டிப்ளோமா அல்லது 4 வருடப் பட்டம், அப்புறம் வாரியத் தேர்வு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என் சித்தி மகள். "நர்சிங்" என்று பெரிய எழுத்தில் போட்ட ஒரு விளம்பரத்தை நம்பிச் சேர்ந்தாள். ஒன்றரை வருடம் படித்தாள். முடித்த பிறகுதான் வாரியத் தேர்வு எழுத அந்தப் படிப்புக்கு அனுமதியே இல்லை என்று தெரிந்தது. சித்தி அடகு வைத்த சங்கிலி திரும்பவே இல்லை. 23 வயதில் மறுபடியும் முதலாம் ஆண்டிலிருந்து டிப்ளோமா படித்தாள். இன்று சிறுநீரகப் பிரிவுக்கான போஸ்ட் பேசிக் என்ற சிறப்புப் பயிற்சியும் முடித்து டயாலிசிஸ் பிரிவில் இருக்கிறாள். அந்தப் பழைய விளம்பரத்தாளை மட்டும் இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறாள்.

எனவே அந்தக் கல்லூரிக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். சான்றிதழில் அச்சாகும் பெயர் என்ன? இதை முடித்தால் தாதியர் வாரியத் தேர்வு எழுதலாமா? பதிலை வாய்வார்த்தையாக வாங்காதீர்கள், எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு வாரியத்திடமும், படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ.விடமும் நீங்களே சரிபாருங்கள்.

பண விஷயத்தில் முதலில் அரசாங்கத்தைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரிகளுக்குப் பொதுச் சேவை ஆணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். அங்கே படிக்கும்போதே மாதப் படி தருவார்கள். போட்டி கடுமைதான், ஆனாலும் விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். கிராம கிளினிக்கில் தாய் சேய் நலம் பார்க்கும் சமூகத் தாதி வேலையும் இருக்கிறது, அதுவும் வாரியத்தில் பதிவு உள்ள வேலை. தனியாரில் என்றால் பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் இருக்கிறது. சில தனியார் மருத்துவமனைகள் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டு, முடித்ததும் சில வருடம் தங்களிடமே வேலை செய்ய ஒப்பந்தம் போடுவார்கள். பாதியில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற பக்கத்தைக் கையெழுத்துக்கு முன் நீங்களும் அப்பாவும் சேர்ந்து படியுங்கள். ஆத்திர அவசரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டில் உடனே ஒரு சம்பளம் வந்தாக வேண்டிய நிலை என்றால், பராமரிப்பு உதவியாளர் வேலைக்கு அவள் போவதில் தவறே இல்லை. அது என்ன வேலை என்று தெரிந்துகொண்டு போகட்டும். ஆனால் 6 கிரெடிட் கையில் இருக்கிறது, நீங்களும் சம்பாதிக்கிறீர்கள். என்னைக் கேட்டால் டிப்ளோமாதான்.

உங்கள் கடிதத்தில் அப்பா நினைப்பது இருக்கிறது, பெரியப்பா மகன் சொன்னது இருக்கிறது, கல்லூரிக்காரர் பேசியதும் இருக்கிறது. தங்கச்சி என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லையே, தம்பி. அடுத்த கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள். என் சித்தி மகளிடம் பேச அவள் விரும்பினால், நானே சேர்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா