சுமாத்ராவின் புகை வேறு, உங்கள் நிலத்து நெருப்பு வேறு

கேள்வி: மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துத் தங்காக் அருகே தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற வாசகர் எழுதுகிறார். அவருடைய செம்பனை நிலத்தில் காண்ட்ராக்ட் ஆள் காய்ந்த மட்டைகளைக் கொளுத்தியதற்கு விளக்கம் கேட்டுச் சுற்றுச்சூழல் துறை கடிதம் அனுப்பியுள்ளது. இந்தோனேசியாவின் சுமாத்ராத் தீவில் எரிந்த நெருப்பால் வந்த 2013 புகைமூட்டத்தில் பேரன் மூச்சுத்திணறிப் பட்ட பாட்டை விவரித்துவிட்டு, ஆசியான் எனும் தென்கிழக்காசிய நாடுகள் கூட்டமைப்பின் ஒப்பந்தப்படி சுமாத்ரா நிறுவனங்கள்மீது வழக்குப் போடவும், அதையே காட்டித் தம்மீதான நடவடிக்கையை நிறுத்தவும் முடியுமா என்று கேட்கிறார்.

பதில்: ஐயா, பேரன் பட்ட துன்பம் உண்மையே, 2013 ஜூனில் உங்கள் பக்கத்து மூவார், லேடாங் மாவட்டங்களில் அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. ஆனால் உங்கள் கடிதத்தில் சட்டத்திற்கு வேண்டியது ஒரே வரிதான்: எரிந்தது உங்கள் நிலம்.

எல்லை கடந்த புகைமூட்டம் பற்றிய ஆசியான் ஒப்பந்தம் 2002-இல் கோலாலம்பூரில் கையெழுத்தாகி 2003-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தோனேசியா அதை 2014-இல்தான் ஏற்றது. அது அரசுகளுக்கு இடையிலான உடன்பாடு. தகராறு எழுந்தால் கலந்தாலோசனையாலும் பேச்சுவார்த்தையாலும் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அதில் உள்ளது. தனியாருக்கு வழக்குரிமை தரவில்லை. நாடாளுமன்றம் சட்டமாக்காத உடன்படிக்கையை நம் நீதிமன்றம் நேரடியாக அமல்படுத்தாது. சிங்கப்பூர் 2014-இல் இயற்றிய புகைமூட்டச் சட்டம் அங்கே பாதிக்கப்பட்டவருக்கானது. தங்காக் வரை அது நீளாது. ஆகவே அந்தப் பேச்சை இத்தோடு விடுங்கள்.

உங்களுக்குள்ள ஆபத்து 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது. நெருப்பை யார் வைத்திருந்தாலும், நிலத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் உரிமையாளரே குற்றம் செய்ததாக 29பி கருதிக்கொள்கிறது. சம்மதமின்றி நடந்தது, தடுக்க வேண்டியதையெல்லாம் செய்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில். இங்கேதான் வழக்குக்காக என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் பலர் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். சுமாத்ராவைத் திட்டி மூன்று பக்கம் தாமே எழுதி, நடுவில் “நாங்கள் எரித்தது நாலு மட்டைதானே” என்று சேர்த்துவிடுகிறார்கள். விசாரணையில் உரக்கப் படிக்கப்படுவது அந்த வரி மட்டுமே. காண்ட்ராக்ட் ஆளுக்கு நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய “சீக்கிரம் கிளீன் பண்ணு” என்ற செய்தியும் அப்படித்தான்: உங்களுக்கு அது வெறும் அவசரம், அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு அது சம்மதம். எரிக்கக் கூடாது என்று நீங்கள் முன்பே எழுத்தில் சொல்லியிருந்தால் நிலைமை வேறு; உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் காணவில்லை.

எனவே வெளிப்படையாகச் சொல்கிறேன், வழக்கின்றி முடித்துக்கொள்ளக் கட்டும் தொகையான காம்பவுண்டைத் துறை தர முன்வந்தால் கட்டிவிடுங்கள். 2024 திருத்தத்திற்குப் பிறகு அது பழைய 2,000 ரிங்கிட் உச்சவரம்புக்குள் நிற்காது. இருந்தாலும், குறித்த நாளுக்குள் கட்டினால் அந்தக் குற்றத்திற்கு மேல் நடவடிக்கை இராது. நீதிமன்றம் போனால் ஐந்தாண்டு வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. விளக்கக் கடிதத்தை வழக்கறிஞர் பார்க்காமல் அனுப்பாதீர்கள்; அந்த வாட்ஸ்அப் செய்தியையும் அழித்துவிடாதீர்கள், அழித்தது தெரிந்தால் எரித்ததைவிட அதுவே பெரிய தொல்லையாகும்.