எல்லையில் நிற்பவருக்கு என்ன உரிமை? கேள்வி பதில்

கேள்வி: ஒருவர் தம் நாட்டை விட்டு வெளியேறுவது மனித உரிமை என்றால், இன்னொரு நாட்டுக்குள் நுழைவதும் உரிமைதானே?

பதில்: இல்லை. 1948ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 13ஆம் பிரிவு, எந்த நாட்டிலிருந்தும் வெளியேறவும் சொந்த நாட்டுக்குத் திரும்பவும் உரிமை உண்டு என்று சொல்லி நின்றுவிடுகிறது. 14ஆம் பிரிவின் வரைவில் புகலிடம் 'அளிக்கப்படும்' உரிமை என்றிருந்ததையும், புகலிடத்தைத் 'துய்க்கும்' உரிமை என்று விவாதத்தின்போது மாற்றிவிட்டார்கள். ஒரு வினைச்சொல்லை மாற்றியதில் அரசுகள் தங்கள் கதவின் சாவியைத் தங்களிடமே வைத்துக்கொண்டன என்பேன்.

கேள்வி: விசா இல்லாமல் வந்தவர் குற்றவாளி ஆகிவிடமாட்டாரா, ஐயா?

பதில்: உயிருக்கு அஞ்சி ஓடுகிறவர், தம்மைத் துரத்தும் அரசிடமே விண்ணப்பித்துக் கடவுச்சீட்டு வாங்கிவர முடியாது. ஆகவே 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஆபத்துள்ள இடத்திலிருந்து நேரே வந்து, தாமதிக்காமல் அதிகாரிகள் முன் தோன்றி, தக்க காரணமும் காட்டும் அகதியை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கலாகாது என்கிறது.

கேள்வி: பிழைப்புத் தேடி வருபவரும் அகதிதானா?

பதில்: வறுமை மட்டுமே காரணமென்றால் அல்ல. இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க அச்சம் வேண்டும். ஆனால் மதத்தின் பெயரால் கடை கொளுத்தப்பட்ட ஒருவர், ஏன் வந்தீர்கள் என்று அதிகாரி கேட்கும்போது, "அங்கே பிழைக்க வழியில்லை" என்றுதான் முதலில் சொல்வார். மொழிபெயர்ப்பாளர் அதை "வேலை தேடி வந்தேன்" என்று சுருக்கிவிட்டால், கோப்பு அத்தோடு மூடப்பட்டுவிடக்கூடும். ஆகையால் நேர்காணலை அவசரப்படுத்தக் கூடாது.

கேள்வி: அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு விருப்பம்போல் திருப்பி அனுப்பலாமா?

பதில்: கூடாது. சித்திரவதை நேரக்கூடிய இடத்துக்கு யாரையும் அனுப்பக் கூடாது என்று 1984ஆம் ஆண்டின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை தனியே தடுக்கிறது. அதில் சேர்ந்த நாடுகளுக்கு இத்தடையில் விதிவிலக்கே கிடையாது.

கேள்வி: கரையைத் தொடுமுன் நடுக்கடலிலேயே படகைத் திருப்பினால்?

பதில்: 2009 மே மாதம் இத்தாலியின் லாம்பெதூசா தீவுக்குத் தெற்கே, சுமார் 200 பேர் வந்த படகுகளை இத்தாலியக் கப்பல்கள் மறித்தன. எங்கே கொண்டுபோகிறோம் என்று சொல்லாமல், அவர்களைத் தங்கள் கப்பல்களில் ஏற்றி லிபியாவின் திரிப்போலியில் இறக்கிவிட்டன. சோமாலியர் 11 பேரும் எரித்திரியர் 13 பேரும் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், கப்பலில் ஏறிய நொடியிலிருந்தே அவர்கள் இத்தாலியின் அதிகாரத்துக்குள் வந்துவிட்டார்கள் என்றும், தனித்தனியே விசாரிக்காமல் கூட்டாகத் திருப்பியது தவறு என்றும் 2012 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வருவதற்குள் மனுதாரர்களில் இருவர் இறந்துபோயிருந்தனர்.