சூடேறினால் நின்றுபோகும் பழைய டிரக்: இன்னொரு மாட்யூல் வாங்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். 1987 ஃபோர்டு எஃப்-150 வைத்திருக்கிறேன், 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர். வெயிலில் அரை மணி நேரம் ஓடினால் சட்டென்று ஆஃப் ஆகிவிடுகிறது. பானெட்டைத் திறந்து இருபது நிமிடம் ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. ஒர்க்‌ஷாப்பில் இக்னிஷன் மாட்யூலை (ஸ்பார்க்கை இயக்கும் எலக்ட்ரானிக் பாகம்) மாற்றினார்கள்; ஆறே வாரத்தில் பழைய கதை. உதிரிபாகக் கடையில் சோதித்தால் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். இன்னொன்று வாங்கட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கடையில் சோதித்தபோது மாட்யூல் ஆறிப்போய் இருந்திருக்கும். சூட்டில் மட்டும் படுத்துவிடும் பாகம் ஆறிய நிலையில் தேறிவிடும். அந்த முடிவை நம்ப முடியாது.

உங்கள் வண்டியில் மாட்யூல், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டரின் பக்கவாட்டிலேயே ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் சூடு நேராக அதில்தான் ஏறும். பிற்பாடு ஃபோர்டு பல மாடல்களில் அதைத் தள்ளி, தனி அலுமினியத் தகட்டில் வைத்துவிட்டது.

முதலில், மாற்றிய மாட்யூலைக் கழற்றிப் பாருங்கள். இரண்டே சின்ன ஸ்க்ரூ, ஆனால் 5.5 மில்லிமீட்டர், மெல்லிய சாக்கெட் இல்லாமல் கை நுழையாது. பின்பக்க உலோகத்தில் வெள்ளைப் பேஸ்ட் மெலிதாக, சீராகப் பரவியிருக்க வேண்டும். உலோகம் பளபளவென்று வெறுமையாக இருந்தால் சூடு இறங்க வழியே இல்லை, ஆறு வாரத்தில் போனதற்கு அதுவே போதும். பழைய பேஸ்ட் இருந்தால் துடைத்துவிட்டு, கம்ப்யூட்டர் பிராசசருக்குப் பூசும் தெர்மல் பேஸ்ட்டை மெல்லிசாகப் பூசி மாட்டுங்கள்.

பேஸ்ட் சரியாக இருந்தால், அடுத்த முறை வண்டி நின்றதும் ஆறவிடாமல் ஸ்பார்க் வருகிறதா என்று காட்டும் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிப் பாருங்கள். ஸ்பார்க் வந்தால் மாட்யூலை விட்டுவிட்டு பெட்ரோல் பம்ப் பக்கம் போங்கள். வராவிட்டால், ஈரத்துணியைப் பிழிந்து மாட்யூல் மேல் மட்டும் வையுங்கள். சில நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் அதன் மேல்தான். ஆகாவிட்டால் ஸ்பார்க்குக்கான உயர் வோல்டேஜைத் தரும் காயிலையும், எப்போது ஸ்பார்க் விட வேண்டும் என்று மாட்யூலுக்குச் சொல்லும், டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கும் பிக்கப் சென்சாரையும் பார்க்க வேண்டும். இந்த சென்சாரும் சூட்டில் அப்படியே மக்கர் பண்ணும். இது தெரியாமல் மூன்று நான்கு மாட்யூல் வாங்கியவர்கள் உண்டு. அந்தச் செலவு உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இவ்வளவு சொல்கிறேன்.

சென்சார்தான் என்றால் அதை மட்டும் மாற்றுவது பெரிய வேலை, டிஸ்ட்ரிப்யூட்டர் தண்டின் அடியில் உள்ள கியரைப் பிரஸ்ஸில் கழற்ற வேண்டும். புதுப்பித்த டிஸ்ட்ரிப்யூட்டராகவே வாங்கிவிடுங்கள். பழையதைத் தூக்கிப் போடாதீர்கள், திருப்பிக் கொடுத்தால் கோர் டெபாசிட் (பழைய பாகத்துக்காகக் கடையில் பிடித்துவைக்கும் பணம்) திரும்பக் கிடைக்கும். மாட்யூலே வாங்க நேர்ந்தால் சாம்பல் நிறமா கறுப்பா என்று பார்த்து, இருந்த நிறத்திலேயே வாங்குங்கள். இரண்டும் உள்ளே வேறு. எலக்ட்ரிகல் பாகத்தை மாட்டிய பிறகு பல கடைகளில் திரும்ப எடுக்க மாட்டார்கள். பில் போடும்முன் கேட்டுவிடுங்கள்.

அதுவரை ஹைவேயில் எடுக்காதீர்கள். எஞ்சின் நின்றால் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும், பிரேக்கையும் ஏறி மிதிக்க வேண்டியிருக்கும்.