முளை எங்கே அடிப்பது?

மதிப்பிற்குரிய ஐயா,

கோயம்புத்தூரில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். ஒரு திருமண மண்டபத்தின் கூரையை எங்கள் தலைமை வடிவமைப்பாளர் ரைனோ என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் அலைபோல வளைத்துத் தருகிறார். அதை ரெவிட் என்ற கட்டட வரைபட மென்பொருளுக்குள் கொண்டுவந்து வரைபடங்களாக்குவது என் வேலை. உள்ளே வந்ததும் அது வெறும் கட்டியாக நிற்கிறது. ஒரு விளிம்பைக்கூட இழுத்துத் திருத்த முடியவில்லை. முதல் முறை வெட்டுப்படம் முழுவதும் முக்கோணக் கோடுகள். வேறு வழியில் கொண்டுவந்து அதன் முகத்தின்மேல் கூரையை ஏற்றினால், அவர் வடிவத்தை மாற்றி அனுப்பும்போதெல்லாம் ஏற்றியவை பிடி இழந்துவிடுகின்றன. மூன்று முறை முதலிலிருந்து செய்துவிட்டேன். அஜர்பைஜானின் பாகூவில் கட்டடக் கலைஞர் ஸாஹா ஹடீதின் வளைந்து நெளியும் ஹைதர் அலியேவ் மையம் 2012இலேயே எழுந்துவிட்டது. ரெவிட்டோ பெட்டிகளுக்காகவே எழுதப்பட்ட மூட மென்பொருளாகத் தோன்றுகிறது. எந்தக் கோப்பு வடிவில் கொண்டுவந்தால் வளைவு சிதையாது? ரைனோவில் கணக்கு விதிகளால் வடிவத்தை உருவாக்கும் கிராஸ்ஹாப்பரைக் கற்க வேண்டுமா? கணக்கில் நான் சுமார்தான். இந்த வேலைக்கே தகுதியில்லாதவனோ என்ற ஐயமும் இருக்கிறது.

ச.

அன்புள்ள ச.,

செய்ததையே மூன்று முறை முதலிலிருந்து செய்தவர் தன் தகுதியைப் பற்றி ஐயப்பட வேண்டியதில்லை. அந்தக் கடைசி வரியை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் ‘மூட மென்பொருள்’ என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். ரெவிட் இன்று உங்களைக் கேட்கும் கேள்வியை நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மேஸ்திரி என்னைக் கேட்டார், அவரையும் நான் மனத்துக்குள் அதே சொல்லால்தான் திட்டினேன்.

1986இல் தஞ்சாவூருக்கு வெளியே ஒரு வீட்டுக்கு முப்பதடி நீளத்தில் வளைந்த முன்சுவர் ஒன்றை வரைந்தேன். ஈயத்தண்டை உள்ளே வைத்த ரப்பர் கோல் ஒன்று அப்போது எங்கள் மேசைகளில் கிடக்கும். வேண்டியபடி வளைத்து அதன் ஓரமாகப் பேனாவை ஓட்டினால் கண்ணுக்கு இனிய கோடு விழும். அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு மனைக்குப் போனபோது மேஸ்திரி தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, முளையை எங்கே அடிக்கிறது?” என்றார். முளை அடித்து, நூலைக் கட்டி, நூலின் மறுமுனையைச் சுற்றினால்தான் அவருக்கு வளைவு. என் வளைவுக்கு முளை இல்லை. எரிச்சலோடு, ஒரு நேர்கோட்டைப் போட்டு அதிலிருந்து அடிக்கு ஒரு புள்ளியாக அளந்து குறிக்கச் சொன்னேன். அவர் மறுபேச்சின்றிச் செய்தார். நாலாவது வரி செங்கல் ஏறிய மறுநாள் காலை, பக்கவாட்டில் விழுந்த வெயிலில், என் சுவர் பழைய தகரம்போல நெளிந்து நின்றது. இடித்தோம்.

அன்றிரவு காம்பஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அந்தக் கோட்டை மூன்று வட்ட விற்களாக்கினேன். மறுநாள் மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு இரண்டாவது முளையைக் கொஞ்சம் நகர்த்தினார். ஒரு வில் முடிந்து அடுத்தது தொடங்கும் புள்ளியும் இரண்டு முளைகளும் ஒரே நூலில் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் சேருமிடத்தில் முட்டி தெரியும் என்றார். இதையே தொடுகோட்டுத் தொடர்ச்சி என்று உங்கள் மென்பொருள் சொல்லும். நான் கல்லூரியில் படித்தும் மறந்திருந்ததை, பள்ளிக்கூடம் தாண்டாத ஒருவர் நூலால் அறிந்திருந்தார்.

உங்கள் திரையில் நடப்பதும் இதுதான். ரைனோவில் ஒரு பரப்பைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளும் அவற்றின் எடைகளும் நிர்ணயிக்கின்றன. நர்ப்ஸ் என்ற அந்தக் கணிதம் ஒரு கோளத்தைக்கூட இம்மியும் பிசகாமல் சொல்லிவிடும். ஆனால் அந்தக் கோளம் இறக்குமதியாகி வந்தபின் ரெவிட்டைப் பொறுத்தவரை அது ஒரு தோல் மட்டுமே. அதன் மையத்தையும் ஆரத்தையும் நீங்கள் பிடித்து மாற்றமுடியாது. ரெவிட்டில் நீங்களே வரையும் சுவர், தான் எந்தத் தளத்தில் நிற்கிறோம், எவ்வளவு உயரம், என்ன தடிமன் என்று அறிந்த சுவர். வெளியிலிருந்து வரும் வளைவோ தான் எப்படிப் பிறந்தோம் என்பதை எல்லையிலேயே விட்டுவிட்டு வருகிறது. வடிவம் மாறிவரும்போது பழைய முகம் போய்ப் புதிய முகம் வருவதால், பழையதைப் பற்றிக்கொண்டிருந்த கூரை அந்தரத்தில் நிற்கிறது. அதில் மென்பொருளின் குற்றம் என்ன?

இது மென்பொருளுக்கு முந்திய துன்பம் என்பதற்குச் சிட்னி ஆப்பரா மாளிகையைவிட நல்ல சாட்சி கிடையாது. 1957இல் அதற்கான வடிவமைப்புப் போட்டியில் வென்ற டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சனின் சிப்பிக் கூரைகள் கைபோன போக்கில் வரையப்பட்டவை; அவற்றுக்குக் கணக்கு எதுவும் இல்லை. கூரை முடிவாகும் முன்பே, 1959இல், அடித்தளத்தைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள்; பின்னால் கூரையின் எடைக்கு அங்கிருந்த தூண்கள் போதாமல் அவற்றை மறுபடி கட்ட நேர்ந்தது. ஓவ் அரூப் நிறுவனத்தின் பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் பரவளையம் என்றும் நீள்வட்டம் என்றும் மாற்றி மாற்றி அந்தக் கோடுகளைக் கணக்குக்குள் பிடிக்கப் பார்த்தார்கள்; கணினியையும் வைத்துக்கொண்டுதான். 1961இல் உட்சன் வந்துசேர்ந்த விடை, அத்தனை சிப்பிகளையும் ஏறத்தாழ 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து வெட்டி எடுத்துவிடுவது. எல்லாவற்றுக்கும் வளைவு ஒன்றே என்பதால் சிப்பிகளைத் தாங்கும் கான்கிரீட் விலா எலும்புகளைச் சில அச்சுகளிலேயே திரும்பத் திரும்ப வார்க்க முடிந்தது. 2,194 கான்கிரீட் துண்டுகள் அப்படி வந்தன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஓடுகளைத் தரையிலேயே பலகங்களாகப் பதித்து மேலே ஏற்ற முடிந்ததும் அதனால்தான். முளையை அடித்துவிட்டார், அவ்வளவுதான்.

இதில் பெரும்பாலானோர் கவனிக்காதது, அந்த விடைக்காக உட்சன் தம் வடிவத்தையே மாற்றிக்கொண்டார் என்பது. போட்டிக்கு வரைந்த கூரைகள் தாழ்ந்து படர்ந்தவை. கோளத்திலிருந்து பிறந்தவை நிமிர்ந்து எழுந்தவை. இன்று உலகம் வியப்பது இரண்டாவதைத்தான். உங்கள் தலைமை வடிவமைப்பாளர் அனுப்பும் கோப்பைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொண்டு, அதை ஒரு மில்லிமீட்டரும் நகராமல் சுமந்துவருவதே பணி என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதில்தான் எனக்குக் கோபம். மூன்று முறை திரும்பச் செய்தீர்கள். அந்த அலை எங்கிருந்து வளைகிறது என்று ஒரு முறையாவது அவரிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள்.

பாகூவை என் முன் நீட்டாதீர்கள். அங்கே அந்த வழுவழுப்பான தோலைத் தாங்கி உள்ளே நிற்பது எஃகுக் குழாய்களாலான வலைச்சட்டம். அப்படி ஒவ்வொரு தோல் துண்டையும் அதனதன் வளைவில் செய்துவாங்கும் பணம் உங்கள் மண்டபக்காரரிடம் இருந்தால் எனக்கும் சொல்லியனுப்புங்கள். கிராஸ்ஹாப்பரைக் கற்றால் நல்லது. கற்காவிட்டாலும் இந்தக் கூரை நிற்கும்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். ரைனோவிலேயே அந்தக் கூரையை மீட்டருக்கு ஒரு வெட்டாக வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கோட்டின் மேட்டிலும் பள்ளத்திலும் மும்மூன்று புள்ளிகள் எடுத்து, அவற்றின் வழியே வட்டம் போட்டு ஆரங்களைக் குறித்துவையுங்கள். அவை ஒன்றையொன்று நெருங்கி நின்றால், இரண்டு மூன்று ஆரங்களுக்குள் அடக்கிவிடலாமா, வடிவம் ஒரு சாண் நகர்ந்தால் பரவாயில்லையா என்று தலைமை வடிவமைப்பாளரிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால் அந்த விற்களைக் கொண்டு ரெவிட்டுக்குள்ளேயே கூரையைப் புதிதாக வரைந்து, இறக்குமதி செய்த கட்டியை ஒப்பிடுவதற்கு மட்டும் மங்கலாக வைத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரிங் போடுகிறவரும் உங்களைக் கேட்கப்போவது அந்த ஆரங்களைத்தான்.

கோப்பு வடிவத்தைக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். முக்கோண வலையாக அனுப்பாமல் வளைவை வளைவாகவே சுமக்கும் எஸ்.ஏ.டி. (SAT) கோப்பாக, மூடிய திண்மமாக அனுப்பச் சொல்லி, ரெவிட்டில் முழு வடிவங்களுக்கென்று உள்ள மாஸ் (Mass) குடும்பத்துக்குள் கொண்டுவாருங்கள். அதற்குமுன் ரைனோவில் வடிவத்தை ஆதிப்புள்ளிக்குப் பக்கத்தில் இழுத்துவைத்து, பொடி விளிம்புகளைத் துடைத்துவிடச் சொல்லுங்கள், ஏனென்றால் சுமார் 0.8 மில்லிமீட்டருக்குக் குறைந்த கோட்டை ரெவிட் ஏற்காது. ஆரங்கள் எத்தனை வந்தன என்று எழுதுங்கள்.