அக்கினி நட்சத்திரத்தில் புதுச்சேரி போகலாமா?

கேள்வி: பள்ளி திறப்பதற்கு முன், மே மாதக் கடைசியில் இரண்டு நாள் புதுச்சேரி போய்வர நினைக்கிறோம். 68 வயதான என் மாமியாரும், பத்து வயதிலும் ஏழு வயதிலுமாக இரண்டு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். ‘கத்திரி வெயிலில் கடற்கரை ஊருக்கா?’ என்று கேட்காதவர் இல்லை. பயணத்தைத் தள்ளிப்போடுவதா? போனால் எதை எப்போது பார்ப்பது?
(வாசகி, சேலம்)

பதில்: தள்ளிப்போட வேண்டாம், போய் வாருங்கள். ஆனால் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு பத்து மணிக்கு விடுதியை விட்டுக் கிளம்பி, மாலை வரை ஊர் சுற்றும் வழக்கமான ஏற்பாட்டை மட்டும் இந்த முறை கைவிட்டுவிடுங்கள்.

உங்கள் ஊர் வெயில் சுடும்; புதுச்சேரி வெயில் புழுங்கும். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை எளிதில் காய்வதில்லை, உடலின் சூடும் தணிவதில்லை. பெரியவர்கள் சோர்ந்துபோவது இதனால்தான். நிலம் சூடேறிக் காற்று மேலெழும்போது கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வந்து இந்தப் புழுக்கத்தைத் தணிக்கும் என்றாலும், மே மாதக் கடைசியில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று வலுக்கத் தொடங்கிவிட்டால், அது கடற்காற்றைக் கரைக்கு அப்பாலேயே தடுத்து, பிற்பகல் வரைகூட வரவிடாது. வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது பெரும்பாலும் அத்தகைய நாள்களில்தான். ஆகவே காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை கூரைக்கு அடியில் இருப்பது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கதிரவன் 5.45 மணியளவில் கடலுக்கு மேல் எழுந்துவிடும். அதற்கு முன்பே கடற்கரைச் சாலையில் இருங்கள். சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 மணி வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்பதால், பிள்ளைகளின் கையை விட்டுவிட்டு நிம்மதியாக நடக்கலாம். 1836-இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தையும் காந்தி சிலையையும் பார்த்துவிட்டு, மணக்குள விநாயகரை வணங்கி, வீதிகளுக்குள் நுழையுங்கள். தெற்கு வடக்காகச் செல்லும் வீதிகளில் காலையில் கிழக்குப் பக்கமாகவும் மாலையில் மேற்குப் பக்கமாகவும் நடந்தால் சுவரின் நிழல் கூடவே வரும்.

நடக்கும்போது மூத்த பிள்ளையிடம் ஒன்றைச் சொல்லுங்கள். 1761-இல் ஆங்கிலேயர் இந்த நகரைப் பிடித்து, கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் பிரெஞ்சுக் கட்டடங்களில் பெரும்பாலானவை அதற்குப் பின் எழுந்தவை. அழிவதற்கு முந்தைய நகரைக் காண வேண்டுமானால் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக்குத்தான் போக வேண்டும். 1736 முதல் 1761 வரை கப்பல் வந்ததையும் விலை ஏறியதையும் ஆட்சியாளர்களின் சண்டைகளையும் தமிழில் எழுதிவைத்தவர் அவர்.

வெயில் ஏறியதும் அருங்காட்சியகத்திற்குப் போகலாம். திங்கட்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள். அதன் பக்கத்திலுள்ள பாரதி பூங்காவில் மர நிழல் உண்டு. நடுவில் நிற்கும் வெண்ணிற ஆயி மண்டபத்தின் கதையை மாமியார் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். விளக்கொளியில் மின்னிய ஒரு வீட்டைக் கோயில் என்று எண்ணி ஓர் அரசர் கைகூப்பினாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் சினந்து, இடிக்கச் சொன்னாராம். அவளே அதை இடித்து, அந்த இடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டினாளாம். முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாக எழுந்த மண்டபம் இது. கோடையில் அங்கே நின்று கேட்கும்போதுதான் அந்தக் கதையின் கனம் தெரியும்.

பிற்பகலில் எல்லோரும் தூங்குங்கள். அறை எடுக்கும்போது மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ளதைத் தவிர்த்துவிடுங்கள். பகல் முழுதும் குடித்த சூட்டைத் தளம் இரவில்தான் கக்கும். மாலையில், நகரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதிக்குப் போங்கள். வைசியாள் வீதியில், தெருவை ஒட்டித் திண்ணையும் அதற்கு மேல் மரத்தூண்கள் தாங்கிய சாய்கூரையுமாக மீட்டெடுக்கப்பட்ட வீடுகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு வைகாசி மாலையில் அப்படி ஒரு திண்ணையில், வீட்டுக்காரரின் அனுமதியோடு, நான் உட்கார்ந்திருந்தேன். தெருவில் தார் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. திண்ணையின் வழவழத்த தரையோ உள்ளங்கைக்குக் குளிர்ந்திருந்தது. உள்ளே முற்றத்தின் வழியாகச் சூடான காற்று மேலேறிப் போக, திறந்திருந்த வாசல் வழியாக மெல்லிய காற்று என்னைக் கடந்து உள்ளே சென்றது. வழிப்போக்கனும் உட்கார்ந்துகொள்ளட்டும் என்று தன் வீட்டின் நிழலில் ஒரு பங்கைத் தெருவுக்கு விட்ட மனிதர்களை நினைத்து நெடுநேரம் எழுந்திருக்க மனமில்லாமல் இருந்தேன்.

மறுநாள் காலையில், ஈசுவரன் தருமராசா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீட்டையும் பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீட்டையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம்.

கேள்வி: புதுச்சேரிக் கடலில் பிள்ளைகளைக் குளிக்க விடலாமா? கோடையில் நல்ல மீன் கிடைக்குமா?
(வாசகர், ஈரோடு)

பதில்: குளிக்க விட வேண்டாம். 1980-களின் இறுதியில் துறைமுகத்திற்காகத் தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்ட பின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைப்பட்டு, நகரை ஒட்டிய கடற்கரை அரிக்கப்பட்டது. கருங்கற்கள் கொட்டப்பட்டிருப்பது அதனால்தான். பாசி படிந்த அந்தக் கற்களில் இறங்குவதே ஆபத்து. மணல் உள்ள இடங்களிலும் அலை இழுப்பு மிகுதி. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் உயிரிழப்புச் செய்தி வருவதைப் படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது.

மீன் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஆதலால், சிறு படகுகள் கொண்டுவரும் மீன்தான் உள்ளூர்ப் பிடிப்பு. அளவு குறைவு, விலை கூடுதல். நுங்குக்கு அந்தத் தட்டுப்பாடு இல்லை.

கேள்வி: புதுச்சேரிக்கு அருகே உள்ள அரிக்கமேட்டில் பார்க்க ஒன்றுமே இல்லை என்கிறார்களே, வெயிலில் அங்கே போகத்தான் வேண்டுமா?
(வாசகர், மதுரை)

பதில்: 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்து, ரோமானியருடன் நடந்த வணிகத்தின் சான்றுகளை வெளிக்கொணர்ந்தார். அகழ்ந்த குழிகள் மூடப்பட்டுவிட்டதால், ‘ஒன்றும் இல்லை’ என்று தோன்றுவது இயல்புதான். முதல் நாளே அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளையும் மதுச்சாடி ஓடுகளையும் பார்த்துவிடுங்கள். மறுநாள் விடியலில், கையில் தண்ணீரோடு போய், மரங்களுக்கிடையே நடந்து, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் நில்லுங்கள். அந்தச் சாடிகள் வந்து இறங்கிய கரை அது. எட்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள்.