டெக்சஸில் ஸ்டேடியத்துக்குப் பணம் உண்டு, ஆசிரியருக்கு ஏன் இல்லை?

வணக்கம். டாலஸ் பக்கம் வீடு வாங்கி இவ்வளவு சொத்து வரி கட்டியும் மகளின் பள்ளியில் ஆசிரியர்களைக் குறைக்கிறார்கள், அதே பள்ளி மாவட்டத்தில் (அப்பகுதிப் பள்ளிகளை நடத்தி, அதற்கென வரி வாங்கும் உள்ளூர் அமைப்பு) புது ஸ்டேடியம் எழும்புகிறது, இது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் இரண்டும் வேறு வேறு கணக்கு.

பள்ளி வரி இரண்டு விகிதங்களின் கூட்டல். ஒன்று நடப்புச் செலவுக்கு; சம்பளம் இதில்தான் வரும். மற்றது கடன் அடைக்க மட்டும். ஸ்டேடியம் வாக்காளர்கள் ஒப்புதல் தந்த பத்திரக் கடனில், அதாவது பள்ளி மாவட்டம் கடன் பத்திரம் விற்றுத் திரட்டும் பணத்தில் எழுவது. அந்தப் பணத்தைச் சம்பளத்துக்குத் திருப்பச் சட்டம் விடாது.

நெருக்கடி சம்பளக் கணக்கில்தான். ஒரு மாணவருக்கு மாநிலம் நிர்ணயித்த அடிப்படைத் தொகை 2019 முதல் 2025 வரை 6,160 டாலரிலேயே நின்றது. விலைவாசி நிற்கவில்லையே! அதையும் சேர்க்கையை வைத்துக் கணக்கிடுவதில்லை, தினசரி வருகையின் சராசரியை வைத்துத்தான். போதாததற்கு, சொத்து வளம் மிகுந்த பள்ளி மாவட்டமென்றால் 1993-இல் வந்த சட்டப்படி வரம்புக்கு மேலான வரி வருவாய் மாநிலத்துக்குப் போய்விடும். வீட்டு மதிப்பு ஏறினால் பள்ளிக்குக் கூடுதல் பணம் என்று நம்பிவிடாதீர்கள்.

பள்ளி முதல்வரிடம் முறையிட்டுப் பயனில்லை. பட்ஜெட்டை நிறைவேற்றுவதும் கண்காணிப்பாளரை (பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகி) நியமிப்பதும் மக்கள் தேர்ந்தெடுத்த, சம்பளம் வாங்காத பள்ளி அறங்காவலர் குழு. கிரீன் கார்டோ ஹெச்1பியோ, வாக்கு இல்லாவிட்டாலும் நிகழ்ச்சி நிரலில் உள்ள விஷயம் பற்றி அக்குழுவின் கூட்டத்தில் நீங்கள் பேசலாம். பட்ஜெட் கூட்டத்துக்கு முன்பே பெயர் கொடுத்துவிடுங்கள். எந்தப் பணியிடங்கள் போகின்றன, கையிருப்பு எவ்வளவு என்ற இரண்டை மட்டும் கேளுங்கள்.